கோல்ஃப்: கடற்கரை லிங்க்ஸ், மரம் சூழ்ந்த பார்க்லேண்ட்... திறமைக்கு எது உண்மையான பரீட்சை?

ஒரே ஆட்டக்காரர். ஒன்பது மாத இடைவெளி. இரண்டு தடவையும் ஸ்கோர் 80.

வட அயர்லாந்தின் ரோரி மெக்கில்ராய்க்கு அப்போது வயது 21. 2010 ஜூலையில், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த ஓபன் சாம்பியன்ஷிப்பின் முதல் சுற்றை 63 ஷாட்களில் முடித்தார். ஆண்களுக்கான மேஜர் போட்டிகளில் அன்றுவரை யாரும் அதைவிடக் குறைவாக அடித்ததில்லை. மறுநாள் காற்று கிளம்பியது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆட்டத்தையே நிறுத்தி வைக்கும் அளவுக்குக் காற்று. அதே மைதானம், அதே மனிதர். ஆனால் ஸ்கோர் 80.

அடுத்தது 2011 ஏப்ரல். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அகஸ்டா நேஷனல் மைதானத்தில் மாஸ்டர்ஸ் போட்டி. மூன்று நாள் முடிவில் மெக்கில்ராய்க்கு நான்கு ஷாட் முன்னிலை. கடைசி நாள் 10-வது ஹோலில் அவர் அடித்த முதல் அடி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், மரத்தில் பட்டு, கிளப்பின் குடில்கள் இருக்கும் பக்கம் விழுந்தது. அந்த ஹோலுக்கு மட்டும் 7 ஷாட். 12-வது ஹோலில் பந்தைக் குழிக்குள் தள்ள நான்கு பட் தேவைப்பட்டது. நாள் முடிவில் மீண்டும் 80.

முதல் 80-ல் பெரும்பங்கு வானிலைக்கு. இரண்டாவது 80-க்குக் கைகாட்ட வெளியே யாரும் இல்லை. செயின்ட் ஆண்ட்ரூஸ் ஒரு 'லிங்க்ஸ்' மைதானம். அகஸ்டா ஒரு 'பார்க்லேண்ட்' மைதானம். சேப்பாக்கம் பிட்ச்சில் சதம் அடித்தவர் லார்ட்ஸில் திணறுவதை நாம் பார்த்திருக்கிறோம். அந்த மாதிரி, இந்த இரண்டு வகை மைதானங்களும் ஆட்டக்காரரிடம் கேட்கும் கேள்வி வேற வேற. அது என்னன்னு பார்ப்போம்.

லிங்க்ஸ் என்றால் என்ன?

பெயரைக் கேட்டதும் 'கடலையும் நிலத்தையும் இணைக்கும் இடம்' என்று பலர் நினைப்பதுண்டு. உண்மையில் இது மேடு, சரிவு என்ற பொருள் தரும் ஒரு பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. ஸ்காட்லாந்தில் கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே கிடந்த மணல்மேட்டு நிலத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சங்கக் கணக்கில் சொன்னால் இது நெய்தல் நிலம். பனியுகம் முடிந்து கடல் பின்வாங்கியபோது விட்டுப்போன மணல், காற்றில் குவிந்து மேடும் பள்ளமுமாக ஆனது. விவசாயத்துக்கு லாயக்கில்லை. ஆடு மேய்க்கலாம், பந்து அடிக்கலாம். கோல்ஃப் அங்கேதான் வளர்ந்தது. 1457-லேயே ஸ்காட்லாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸ் இந்த ஆட்டத்துக்குத் தடை போட்டார் என்றால், அதற்கு முன்பே மக்களை அது எவ்வளவு பிடித்து ஆட்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த நிலத்தின் குணத்தை முடிவு செய்வது மணல். மழை பெய்தால் தண்ணீர் உடனே கீழே இறங்கிவிடும். தரை இறுகி, கெட்டியாக இருக்கும். அதில் ஃபெஸ்க்யூ போன்ற மெல்லிய புல் குட்டையாக வளரும். மரம் அபூர்வம். அதனால் காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. மணல்குழிகளான பங்கர்கள் சிறியவை, ஆழமானவை. அகலமாக வெட்டினால் காற்று மணலையே வாரிக்கொண்டு போய்விடும். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸில் மட்டும் இப்படி 112 பங்கர்கள். 1860-ல் பிரெஸ்ட்விக்கில் தொடங்கிய ஓபன் சாம்பியன்ஷிப், இன்றுவரை லிங்க்ஸ் மைதானங்களில் மட்டுமே நடக்கிறது.

அப்போ பார்க்லேண்ட்?

ஆட்டம் கடற்கரையை விட்டு நகரங்களுக்குள் வந்தபோது உருவானவை பார்க்லேண்ட் மைதானங்கள். உள்நாட்டு மண் பெரும்பாலும் களிமண்ணோ வளமான வண்டல் மண்ணோதான். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புல் அடர்த்தியாக, பச்சைப்பசேலென்று வளரும். 19-ம் நூற்றாண்டில் புல்வெட்டும் இயந்திரங்கள் பரவியிருக்காவிட்டால் அங்கே கோல்ஃப் ஆடுவதே சிரமம். இருபக்கமும் மரங்கள், நடுவே ஃபேர்வே, குறுக்கே ஓடையோ குளமோ, அகலமான வெள்ளை மணல் பங்கர்கள். டிவியில் கோல்ஃப் என்றதும் நம் மனதில் வரும் படம் இதுதான்.

1933-ல் திறக்கப்பட்ட அகஸ்டா நேஷனல், முன்பு செடிகள் வளர்க்கும் நர்சரியாக இருந்த இடம். அங்கே ஒவ்வொரு ஹோலுக்கும் ஒரு செடியின் அல்லது மரத்தின் பெயர். 1829-ல் தொடங்கப்பட்ட ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப், பிரிட்டனுக்கு வெளியே உள்ள மிகப் பழமையான கோல்ஃப் கிளப். மரங்களும் குளங்களும் நிறைந்த அந்த மைதானத்தில் தொடங்கி, இந்தியாவில் நாம் பார்க்கும் மைதானங்களில் பெரும்பாலானவை இந்த உள்நாட்டு ரகம்தான்.

பந்து விழுந்த பிறகு என்ன நடக்கும்?

மொத்த வித்தியாசமும் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது.

கொடி 150 கெஜம் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்க்லேண்டில் தரை மெத்தை மாதிரி. பந்தை உயரமாக அடித்து, பின்சுழற்சி கொடுத்து, கொடிக்கு அருகே இறக்கினால் ஒன்றிரண்டு துள்ளலில் நின்றுவிடும். அதனால் ஆட்டக்காரர் கணக்கிட வேண்டியது பந்து எங்கே விழ வேண்டும் என்பதை. 148 கெஜமா, 152 கெஜமா என்பதுதான் பேச்சு. அந்த எண்ணைத் துல்லியமாக அடித்துவிட்டால் பாதி வேலை முடிஞ்சுது.

லிங்க்ஸில் அதே ஷாட்டை அதே மாதிரி அடித்தால், பந்து கிரீனில் பட்டு, சிமெண்ட் தரையில் பட்டது போலத் துள்ளி, பின்பக்கம் ஓடிவிடும். அதனால் பந்தை கிரீனுக்கு முன்னாலேயே விழவைத்து உருட்டிக் கொண்டுபோக வேண்டியிருக்கும். எந்த மேட்டில் பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சில நேரம் கொடியைப் பார்த்து அடிப்பதே தப்பு. பத்து கெஜம் இடப்பக்கம் அடித்தால்தான் சரிவு பந்தைக் கொடிக்குக் கொண்டுவரும். கிரீனுக்கு வெளியே 20 கெஜம் தள்ளி நின்றுகொண்டு, பட்டரை எடுத்து உருட்டும் தொழில்முறை வீரர்களை ஓபனில் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம்.

சுருக்கமா சொன்னா, பார்க்லேண்டில் பந்து தரையைத் தொட்டதும் பரீட்சை ஏறக்குறைய முடிகிறது. லிங்க்ஸில் அங்கிருந்துதான் இரண்டாம் பாதி தொடங்குகிறது.

இதோடு காற்றும் சேர்ந்துகொள்ளும். எதிர்க்காற்றில் இன்னும் பலமாக அடிக்கணும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பலமாக அடித்தால் பந்தின் பின்சுழற்சி கூடும். சுழற்சி கூடினால் பந்து மேலே எழும்பும். எழும்பிய பந்தைக் காற்று பிடித்து நிறுத்தி, கீழே போட்டுவிடும். அதனால் அனுபவசாலிகள், வழக்கமாக எடுப்பதைவிட இரண்டு மூன்று படி அதிக தூரம் போகும் கிளப்பை எடுத்து, மெதுவாக, தாழ்வாக அடிப்பார்கள். உடம்பு சொல்வதைக் கேட்காமல் அறிவு சொல்வதைக் கேட்க வேண்டிய இடம் இது.

இரண்டு குட்டி ஹோல்கள்

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள, இரண்டு பிரபலமான சின்ன ஹோல்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஸ்காட்லாந்தின் ராயல் ட்ரூன் மைதானத்தின் 8-வது ஹோலுக்கு 'தபால் தலை' என்று பெயர். கிரீன் அவ்வளவு சிறிது. நீளம் சுமார் 123 கெஜம்தான். காற்று இல்லாத நாளில் தொழில்முறை வீரருக்கு இது ஒரு சின்ன வெட்ஜ் ஷாட். 1973 ஓபனில் 71 வயதான ஜீன் சாரசென் இங்கே ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டார். 1950 ஓபனில் ஹெர்மன் டிஸ்ஸீஸ் என்ற ஜெர்மன் வீரருக்கு இதே ஹோலை முடிக்க 15 ஷாட் ஆனது. கிரீனைச் சுற்றியிருக்கும் பங்கர்களில் மாறி மாறி விழுந்ததுதான் காரணம். கிரீனைத் தவறவிட்டால், அதன் பிறகு ஒவ்வொரு ஷாட்டையும் புதிதாக யோசித்துத்தான் அடிக்கணும்.

அகஸ்டாவின் 12-வது ஹோல் 155 கெஜம். கிரீனுக்கு முன்னால் ரேஸ் க்ரீக் என்ற ஓடை. கிரீன் அகலமாகத் தெரியும், ஆனால் முன்பின் ஆழம் மிகக் குறைவு. கொஞ்சம் குறைந்தால் தண்ணீர், கொஞ்சம் கூடினால் பின்னால் பங்கர். 2016-ல் ஐந்து ஷாட் முன்னிலையோடு கடைசி ஒன்பது ஹோல்களுக்குள் நுழைந்த ஜோர்டன் ஸ்பீத், இங்கே இரண்டு பந்துகளை ஓடையில் விட்டு 7 ஷாட் எடுத்தார். மாஸ்டர்ஸ் அவர் கையை விட்டுப் போனது. இங்கே உருட்டிக் கொண்டுபோகும் வழியே கிடையாது. பந்து காற்றில் பறந்து, சரியான தூரத்தில் இறங்கியே ஆக வேண்டும்.

ஒரு ஹோல் வழிகளைத் திறந்து வைத்து, எதைத் தேர்ந்தெடுக்கிறாய் என்று பார்க்கிறது. இன்னொன்று வழிகளை அடைத்து, இருக்கும் ஒரே வழியில் தடுமாறாமல் நடக்க முடியுமா என்று பார்க்கிறது.

லிங்க்ஸ் வெறும் அதிர்ஷ்டமா?

இது பழைய குற்றச்சாட்டு. நல்லா அடித்த பந்து ஒரு சின்ன மேட்டில் பட்டு பங்கருக்குள் போகும். காலையில் ஆடியவருக்கு வெயில், மதியம் ஆடியவருக்குப் புயல். 2002-ல் மியூர்ஃபீல்டில் மூன்றாம் நாள் மதியம் அடித்த மழையிலும் காற்றிலும் சிக்கிய டைகர் உட்ஸ் 81 அடித்தார். வானிலை முடிவைத் தீர்மானிக்கும் போட்டிகள் தனக்குப் பிடிப்பதில்லை என்று 2011 ஓபனுக்குப் பிறகு மெக்கில்ராயே வெளிப்படையாகச் சொன்னார்.

புகாரில் உண்மை இருக்கிறது. ஒரு நாளில், ஒரு சுற்றில், லிங்க்ஸ் அநியாயம் செய்யும். ஆனால் போட்டி நான்கு நாள், 72 ஹோல். ஓபனை ஐந்து முறை வென்ற டாம் வாட்சனைப் பாருங்கள். 1975 முதல் 1983 வரை அந்த ஐந்தும் ஐந்து வேறு மைதானங்களில். வெறும் அதிர்ஷ்டம் ஒருவரை இவ்வளவு தூரம் துரத்தி வராது.

அதே வாட்சன் 2009-ல், 59 வயதில், டர்ன்பெரியில் ஓபனை வெல்லும் நிலைக்கு வந்தார். கடைசி ஹோலில் நான்கு ஷாட் போதும். இரண்டாவது ஷாட்டை நன்றாகவே அடித்தார். பந்து கிரீனில் இறங்கி, நிற்காமல் ஓடி, பின்பக்கம் போய்விட்டது. அங்கிருந்து உருட்டியது குழியைத் தாண்டிப் போக, திரும்பி வந்த பட்டும் தவறியது. பிளே-ஆஃபில் ஸ்டூவர்ட் சிங்க்கிடம் தோற்றார். லிங்க்ஸின் இரண்டு முகமும் அந்த ஒரே நாளில் தெரிந்தது. 59 வயதுக்காரரை இளைஞர்களோடு மோதவிட்டதும் அந்தத் தரைதான், கடைசியில் கையை விரித்ததும் அந்தத் தரைதான்.

பார்க்லேண்டில் அந்த வயதுக்கு அவ்வளவு இடம் கிடைப்பது கஷ்டம். பந்து உருளாத இடத்தில், பறக்கும் தூரம்தான் காசு. 1997-ல் 21 வயது டைகர் உட்ஸ் மாஸ்டர்ஸை 12 ஷாட் வித்தியாசத்தில் வென்றபோது, மற்றவர்கள் நீளமான அயர்ன் எடுத்த இடங்களில் அவர் வெட்ஜ் எடுத்தார். அப்போது 6,925 கெஜமாக இருந்த அகஸ்டா, 2002-ல் 7,270 கெஜமாக நீட்டப்பட்டது. அதே உட்ஸ் 2006-ல் ராயல் லிவர்பூலில் ஓபனை வென்றபோது, 72 ஹோல்களிலும் சேர்த்து டிரைவரை எடுத்தது ஒரே ஒரு தடவை. வெயிலில் காய்ந்து பழுப்பாகக் கிடந்த தரையில், தூரத்தைவிட பங்கரைத் தவிர்ப்பதுதான் முக்கியம் என்று முடிவெடுத்திருந்தார். அவருடைய பலமே டிரைவர்தான் என்று உலகம் நினைத்த நேரம் அது.

மெக்கில்ராயும் கற்றுக்கொண்டார். 2014-ல் அதே ராயல் லிவர்பூலில் ஓபனை வென்றார். அகஸ்டாவின் கடன் தீர இன்னும் நாளாயிற்று. 2025-ல் ஜஸ்டின் ரோஸை பிளே-ஆஃபில் வென்று மாஸ்டர்ஸையும் எடுத்தார். லிங்க்ஸில் ஓபனை வென்றவருக்கு, அகஸ்டாவின் பரீட்சையில் தேற மேலும் 11 வருடம் ஆனது.

சரி, எது கஷ்டம்?

எண்களை வைத்துப் பார்த்தால் ஏமாற்றம்தான். 'பார்' என்பது ஒரு நல்ல ஆட்டக்காரர் மைதானத்தை முடிக்க எடுக்க வேண்டிய ஷாட் கணக்கு. அதைவிடக் குறைவாக அடித்தால் மைனஸ். மாஸ்டர்ஸில் டஸ்டின் ஜான்சன் 2020-ல் படைத்த சாதனை மைனஸ் 20. ஓபனில் 2016-ல் ஹென்ரிக் ஸ்டென்சனும், 2022-ல் செயின்ட் ஆண்ட்ரூஸில் கேமரூன் ஸ்மித்தும் வென்றது அதே மைனஸ் 20-ல். காற்று அடங்கிய லிங்க்ஸ், பல் பிடுங்கிய பாம்பு.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். கார்னூஸ்டி லிங்க்ஸில் 1999-ல் வென்றவரின் ஸ்கோர் பிளஸ் 6. அங்கேயே 2018-ல் மைனஸ் 8. இது லிங்க்ஸுக்கு மட்டும் நடப்பதில்லை. அகஸ்டாவில் 2007-ல் ஸாக் ஜான்சன் வென்றது பிளஸ் 1-ல். அந்த வாரம் குளிர், காற்று, கெட்டியான தரை. 2020-ல் கொரோனாவால் போட்டி நவம்பருக்குத் தள்ளிப்போனபோது தரை நனைந்து மெதுவாக இருந்தது. பந்து விழுந்த இடத்தில் நின்றது. ஸ்கோர் மைனஸ் 20.

ஆக, 'கடற்கரையா, மரமா' என்பதைவிட முக்கியமான கேள்வி, 'தரை கெட்டியா, மெத்தையா' என்பதுதான். கெட்டியான பார்க்லேண்ட், லிங்க்ஸ் கேட்கும் கேள்விகளில் பாதியைக் கேட்க ஆரம்பித்துவிடும். அகஸ்டாவுக்கும் இது தெரியும். அங்கே கிரீன்களுக்கு அடியில் குழாய் போட்டு, ஈரத்தை உறிஞ்சி எடுக்கும் கருவிகள் இருக்கின்றன. மணல் இலவசமாகத் தருவதை, அவர்கள் இயந்திரம் வைத்து வாங்குகிறார்கள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அகஸ்டாவை உருவாக்கிய பாபி ஜோன்ஸ், 1921-ல் 19 வயதில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓபனில் ஆடினார். மூன்றாவது சுற்றில், 11-வது ஹோலின் பங்கரில் மாட்டிக்கொண்டு ஆட்டத்தையே பாதியில் கைவிட்டார். ஆறு வருடம் கழித்து அதே மைதானத்தில் ஓபனை வென்றார். அந்த இடத்தைப் புரிந்துகொள்ளத் தொடங்கியதும் அதன் மீது காதலே வந்துவிட்டது. அகஸ்டாவை வடிவமைக்க அவர் கூட்டுச் சேர்த்த அலிஸ்டர் மெக்கென்ஸி, ஓல்டு கோர்ஸை அளந்து வரைபடம் தயாரித்தவர். அகலமான ஃபேர்வே, வெறும் 22 பங்கர்கள், எந்தக் கோணத்திலிருந்து அடிப்பது என்று யோசிக்க வைக்கும் கிரீன்கள் என்று ஆரம்பகால அகஸ்டாவில் செயின்ட் ஆண்ட்ரூஸின் யோசனைகள் நிறையவே இருந்தன. உலகின் மிகப் பிரபலமான பார்க்லேண்டுக்குள் ஒரு லிங்க்ஸ் ஒளிந்திருக்கிறது.

ஆனால் உலகம் அகஸ்டாவிடமிருந்து காப்பியடித்தது அந்த யோசனையை அல்ல, பச்சை நிறத்தை. பச்சையாக இருந்தால்தான் நல்ல மைதானம் என்ற எண்ணம் எங்கும் பரவிவிட்டது. பச்சைக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் அதிகமானால் தரை மெத்தையாகும். தரை மெத்தையானால் ஆட்டத்தில் யோசனை குறைந்து தூரம் மட்டுமே மிஞ்சும். கோடையில் குடிநீர் லாரிக்குக் காத்திருக்கும் நம் நகரங்களில், மைதானம் கொஞ்சம் பழுப்பாக இருக்கட்டும் என்று விடுவது சிக்கனம் மட்டுமில்லை, ஆட்டத்துக்கும் நல்லது.

இந்திய வீரர்கள் எப்படி?

உள்நாட்டு மைதானங்களில் வளர்ந்த நம்மவர்களுக்கு லிங்க்ஸ் வராது என்று நினைத்தால் அதுவும் தப்பு. 2012-ல் ஜீவ் மில்கா சிங், காஸ்டில் ஸ்டூவர்ட் என்ற கடலோர லிங்க்ஸில் ஸ்காட்டிஷ் ஓபனை பிளே-ஆஃபில் வென்றார். 2023-ல் சுபாங்கர் சர்மா, ராயல் லிவர்பூலில் நடந்த ஓபனில் எட்டாவது இடத்தைப் பகிர்ந்துகொண்டார். ஓபனில் அதுவரை எந்த இந்தியரும் அவ்வளவு மேலே போனதில்லை. இருவருமே ஐரோப்பியச் சுற்றுப் போட்டிகளில் பல ஆண்டுகள் ஆடியவர்கள். குளிரும் காற்றும் பழகியவர்கள்.

பார்க்லேண்டுக்கு உதாரணம் அதிதி அசோக். டோக்கியோ ஒலிம்பிக் கோல்ஃப் நடந்த கசுமிகசேகி, ஒரு பார்க்லேண்ட் மைதானம். அதிதி அதிக தூரம் அடிப்பவர் இல்லை. ஆனால் கிரீனில் அவர் பட் அடித்த விதம் அவரை நான்காம் இடம் வரை கொண்டுபோனது. பதக்கம் தவறியது ஒரே ஒரு ஷாட்டில். தூரம் குறைந்தால் பார்க்லேண்ட் தண்டிக்கும். ஆனால் துல்லியம் இருந்தால் அந்தத் தண்டனையை ஓரளவு ஈடுகட்டலாம் என்பதற்கு அந்த வாரம் சாட்சி.

டிவியில் பார்க்கும்போது எதைக் கவனிக்கலாம்?

மாஸ்டர்ஸ் ஏப்ரலில் வரும், ஓபன் ஜூலையில் வரும். அடுத்த முறை பார்க்கும்போது இந்த நான்கையும் கவனித்துப் பாருங்கள்.

- பந்து தரையில் பட்ட பிறகு எவ்வளவு தூரம் ஓடுகிறது? மைதானம் அன்று எந்த மாதிரி பரீட்சை வைக்கிறது என்பதை இது ஒன்றே காட்டிக்கொடுக்கும்.

- கொடியைப் பார்த்து அடிக்கிறார்களா, கொடிக்குப் பக்கத்தில் எங்கோ குறி வைக்கிறார்களா?

- கிரீனுக்கு வெளியே நிற்கும்போது கையில் எந்த கிளப்? மாஸ்டர்ஸில் பெரும்பாலும் வெட்ஜ் இருக்கும். ஓபனில் பட்டர் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

- ஓபனில், காலையில் ஆடியவர்களின் ஸ்கோரையும் மதியம் ஆடியவர்களின் ஸ்கோரையும் தனித்தனியாகப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால், ஸ்கோர்போர்டில் கீழே இருக்கும் ஒருவர்தான் அன்று எல்லோரையும்விட நன்றாக ஆடியிருக்கக்கூடும்.